சுவருக்குக் கூலி இல்லை

"சார், இது வெயிட்டான டைல்ஸ். அடியில கலவை நல்லா குடுத்தாத்தான் நிக்கும்." பாத்ரூம் சுவரில் இரண்டுக்கு நாலடி டைல்ஸ் ஒட்டும் எந்த வீட்டிலும் கொத்தனார் இதைச் சொல்லாமல் இருக்கமாட்டார். வீட்டுக்காரரும் தலையாட்டுவார். கனமான பொருளைத் தாங்கத் தடிமனான பிடிப்பு வேண்டும் என்பதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? ஆனால் தமிழ்நாட்டில் இன்று கழன்று விழும் சுவர் டைல்ஸுகளில் பலவற்றின் பின்கதையை நோண்டினால் இந்த நம்பிக்கையில்தான் போய் முட்டுகிறது.

நம் ஊர் முறையை முதலில் அதன் இடத்தில் வைத்துப் பார்ப்போம். செங்கல் சுவரில் முரட்டுப் பூச்சு ஒன்று ஏற்கெனவே இருக்கும், இல்லாமலும் இருக்கலாம். பூச்சு இருந்தால் அதைக் கொத்தி விடுவார்கள். தண்ணீர் அடித்து நனைத்து, ஒன்றுக்கு நாலோ ஐந்தோ கலந்த சிமெண்ட் கலவையைச் சுவரில் ஏற்றுவார்கள். டைல்ஸின் முதுகில் சிமெண்ட் பாலைத் தடவி, ஈரக் கலவையின் மேல் வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டி, ரசமட்டம் பிடித்து நிறுத்துவார்கள். சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக இல்லாவிட்டால் ஒரு மூலையில் கலவை பத்து மில்லிமீட்டர் இருக்கும், எதிர்மூலையில் முப்பது இருக்கும். கோணல் கலவைக்குள் மறைந்துவிடும், டைல்ஸ் நேராக நிற்கும்.

இது மட்டமான முறை என்று நவீனப் பசை விற்பவர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். கோணல் சுவரை நேராக்கும் வேலையையும் டைல்ஸைப் பிடிக்கவைக்கும் வேலையையும் ஒரே கையில், ஒரே பொழுதில், எந்தக் கடையிலும் கிடைக்கும் இரண்டே பொருளால் முடித்துவிடுகிற முறை இது. இருபது கிலோ பசை மூட்டைக்குக் கொடுக்கும் காசில் ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டை வந்துவிடும் கடைகள் உண்டு. ஈரக் கலவை மேல் ஈரப் பாலோடு டைல்ஸ் உட்காரும்போது இரண்டும் ஒன்றாகவே இறுகுகின்றன. நடுவில் காய்ந்த பரப்பு கிடையாது. கைத்திறன் உள்ள கொத்தனார் செய்தால் டைல்ஸ் முதுகு முழுக்கக் கலவை பிடித்திருக்கும்.

இந்த முறை பிழைத்து நின்றதற்குச் சாட்சியும் உண்டு. செட்டிநாட்டு வீடுகளுக்குப் போனால் கூடத்துச் சுவரின் அடிப்பகுதியில் ஜப்பானிலிருந்து வந்த பூவேலை டைல்ஸ் வரிசை இருக்கும். அவை ஒட்டப்பட்ட காலத்தில் பசை என்ற சரக்கே கிடையாது. இருந்தும் பல வீடுகளில் அவை இன்றும் ஆடாமல் இருக்கின்றன. ஆனால் காரணத்தைக் கவனிக்கவேண்டும். அவை சிறியவை. முதுகு நுண்துளைகளோடு சொரசொரப்பானது. சாந்தின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அடியில் இருந்தது சுண்ணாம்பு. சிமெண்டைவிட நிதானமாக இறுகி, சிறு அசைவைப் பொறுத்துக்கொள்ளும். இருப்பதும் கூடத்தில், தினமும் தண்ணீர் அடிபடும் இடத்தில் இல்லை. பின்னால் வந்த வெள்ளை கிளேஸ்டு டைல்ஸும் இதே இனம்தான். இடுப்பளவு உயரத்துக்கு டேடோவாக ஒட்டினார்கள். முந்தின நாளே வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்து ஒட்டினார்கள். காய்ந்த டைல்ஸ் கலவையின் தண்ணீரை ஒரேயடியாகக் குடித்துவிட்டால் சிமெண்ட் இறுகத் தண்ணீர் போதாது என்பது கொத்தனார்களுக்கு அனுபவத்தில் தெரிந்த பாடம்.

கொத்தனார் மாறவில்லை, டைல்ஸ்தான் மாறிவிட்டது. மண்ணும் களிமண்ணும் சுட்ட சாதாரணச் சுவர் டைல்ஸ் தன் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சும். முழுக்கக் கண்ணாடித் தன்மை அடையும்வரை சுட்ட விட்ரிஃபைடு டைல்ஸ் அரை சதவீதத்துக்கு மேல் உறிஞ்சாது. தரக்கட்டுப்பாட்டு விதிகள் இந்த இரண்டையும் பிரிப்பதே இந்த அளவை வைத்துத்தான். குஜராத்தின் மொர்பியிலிருந்து லாரி லாரியாக வந்து இறங்கும் பெரிய டைல்ஸுகளில் பெரும்பகுதி இந்த இரண்டாம் இனம். தரைக்கென்று வந்தவை சுவரில் ஏறிவிட்டன. சிமெண்ட் பால் நுண்துளைக்குள் புகுந்து இறுகித்தான் பழைய டைல்ஸைப் பிடித்தது. இதில் புகுவதற்குத் துளையே இல்லை. அதை வாளியில் ஊறவைத்தாலும் நனைந்து வெளியே வருமே தவிர எதையும் குடிக்காது. முதுகில் படிந்த அந்தத் தண்ணீர்ப் படலம் பிடிப்பைக் கெடுக்கத்தான் உதவும். போதாக்குறைக்கு, சூளை உருளைகளில் ஒட்டாமலிருக்கத் தொழிற்சாலையில் தடவிய வெள்ளைப் பொடி முதுகில் இருக்கும். விரலை வைத்துத் தேய்த்தால் கையோடு வரும். அதைத் துடைக்காமல் ஒட்டினால் டைல்ஸை ஒட்டியதாகாது, பொடியை ஒட்டியதாகும்.

அடுத்தது கனம். ஒன்பது மில்லிமீட்டர் தடிமன் உள்ள விட்ரிஃபைடு டைல்ஸ் ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய 2 கிலோ. இரண்டுக்கு நாலடித் துண்டு ஒன்று 15, 16 கிலோ வரும். பழைய எட்டுக்குப் பன்னிரண்டு அங்குல டைல்ஸ் ஒரு கிலோகூட இராது. ஆக, கொத்தனார் பயப்படுவதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்தாக அவர் கொடுக்கும் கலவையை எடைபோட்டுப் பாருங்கள். இருபது மில்லிமீட்டர் தடிமனில் அது சதுர அடிக்கு 4 கிலோவை நெருங்குகிறது. டைல்ஸைப்போல் இரண்டு மடங்கு! நாலைந்து மில்லிமீட்டர் பசை என்றால் முக்கால் கிலோவோடு முடிந்திருக்கும். கனத்தைத் தாங்க என்று சுவரில் ஏற்றிய கனம்தான் அங்கே பெரிய கனம்.

சரி, இத்தனை கனத்தால்தான் டைல்ஸ் விழுகிறதா? அதுவும் இல்லை. டைல்ஸும் தடித்த கலவையும் சேர்ந்து சதுர அடிக்கு 6 கிலோ என்று வையுங்கள். அது சுவரைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 0.0006 நியூட்டன் அளவுதான். சாதாரண ரக சிமெண்ட் பசைக்கே ஐரோப்பியத் தரவிதி கேட்கும் பிடிப்பு 0.5 நியூட்டன்; உயர்ரகத்துக்கு 1 நியூட்டன். அந்தச் சோதனையில் டைல்ஸை நேர் வெளியே இழுத்துப் பார்க்கிறார்கள், சுவரில் இருக்கும் இழுவை கீழ்நோக்கியது என்பது உண்மைதான். ஆனாலும் எண்ணூறு மடங்கு இடைவெளி இருக்கும்போது திசையைப் பற்றிய வாதம் பெரிதாக எடுபடாது. வெறும் எடையைத் தாங்க உள்ளங்கையளவு நல்ல பிடிப்பு போதும். எடை உண்மையாகவே பயமுறுத்துவது ஒட்டிய முதல் சில மணி நேரத்தில்தான். கலவை இறுகாத அந்த நேரத்தில் டைல்ஸ் சறுக்கி இறங்கும். அதற்காகத்தான் கீழ் வரிசை இறுகும்வரை மேலே ஏறாமல் காத்திருக்கிறார்கள்.

இறுகிய பிறகு விழுகிற டைல்ஸை இழுப்பது அசைவு. சிமெண்ட் கலவை காயும்போது மீட்டருக்கு அரை மில்லிமீட்டர்வரை சுருங்கக்கூடும். மணல் கலக்காத வெறும் சிமெண்ட் பால் அதைவிடப் பல மடங்கு சுருங்கும். டைல்ஸோ சூளையிலேயே சுருங்கி முடித்துவிட்டு வந்தது. இனி அது சுருங்காது. முன்பு ஏழடி உயரச் சுவரில் ஆறுக்குக் குறையாத கிடைக்கோட்டு இணைப்புகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு துளி அசைவை விழுங்கியது. இப்போது அதே உயரத்துக்கு இரண்டு டைல்ஸ், நடுவில் ஒரே கோடு. அந்தக் கோடும் தெரியக்கூடாது என்று ஒன்றோடொன்று நெருக்கி ஒட்டச் சொல்கிறோம். பிறகு கோடை வெயில் படும் மேற்குச் சுவர், ஹீட்டர் தண்ணீர், இரவுக் குளிர்ச்சி என்று மாறி மாறி வரும்போது டைல்ஸுக்கு நீளவும் குறுகவும் இடம் இருக்காது. நடுவில் கூடாரம்போல் எழும்பும். இல்லையென்றால் பின்னால் பிடிப்பு விடும். மூலைகளில் இரண்டு சுவர் சேரும் இடத்தைச் சிமெண்டால் அடைக்காமல் சிலிகானால் அடைப்பதும், டைல்ஸுக்கு நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஸ்பேசர் வைப்பதும் ஏதோ வெளிநாட்டு ஆடம்பரம் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. கண்ணாடிபோல் ஒரே பரப்பாக வேண்டும் என்று கேட்பவர் வீட்டுக்காரர். இந்தக் குற்றத்தில் கொத்தனாருக்குப் பங்கு குறைவு.

அசைவுக்கு அடுத்த காரணம் வெற்றிடம். பெரிய டைல்ஸைத் தூக்கி நிறுத்தும் அவசரத்தில் முதுகில் நாலு மூலைக்கும் நடுவுக்கும் உருண்டை உருண்டையாகக் கலவை வைத்து அழுத்தும் பழக்கம் பரவியிருக்கிறது. மட்டம் பிடிக்க இது எளிது. உருண்டை நசுங்கும், டைல்ஸ் தேவையான இடத்துக்கு வரும். தட்டிப் பார்த்தால் பாதிப் பரப்பு பொள்ளென்று ஓசையிடும். மேலே கணக்குப் போட்டதுபோல் அந்தப் பாதியே எடைக்குப் போதும், ஆகவே டைல்ஸ் உடனே விழாது. ஆனால் குளியலறையில் அந்த வெற்றிடங்கள் தண்ணீர்த் தொட்டிகளாகின்றன. கிரௌட் வழியே இறங்கும் ஈரம் அங்கே தேங்கி, சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கையறையில் ஓதமாகப் பூக்கும். டவல் கம்பிக்குத் துளை போடும்போது பின்னால் வெற்றிடம் இருந்தால் டைல்ஸ் கீறும். ஈரமான இடங்களில் டைல்ஸ் முதுகில் 95 சதவீதம் பரப்பாவது பிடித்திருக்கவேண்டும் என்று அமெரிக்க விதிகள் கேட்பது இதனால்தான்.

இப்போது சுவருக்கு வருவோம். கொத்துவதைப் பற்றி எனக்கு இரண்டு மனம். வழுவழுப்பான கான்கிரீட் தூணுக்கு அது அவசியம். சென்ட்ரிங் பலகையில் தடவிய எண்ணெய் அதன் மேல் இருக்கும், அதைக் கொத்தியோ தேய்த்தோ எடுக்காமல் எதுவும் பிடிக்காது. பழைய பெயிண்டும் அப்படியே. ஆனால் ஏற்கெனவே பலவீனமான பூச்சின் மேல் உளியும் சுத்தியலும் விழும்போது நடப்பது வேறு. மேலே பள்ளம் விழுகிறது. அடியில் பூச்சுக்கும் செங்கல்லுக்கும் இடையில் இருந்த பிடிப்பு தளர்கிறது. வெளியே பார்க்க முரடாக, நம்பிக்கை தருவதாக இருக்கும். உள்ளே பூச்சு ஏற்கெனவே சுவரைவிட்டுப் பிரிந்திருக்கும். அடிக்கு நாலு பள்ளம் என்று பேருக்குக் கொத்தி, பறந்த தூசியைக் கழுவாமல் விடுவதும் உண்டு. அதற்குக் கொத்தாமலே விடலாம். இப்படிப்பட்ட சுவரில் டைல்ஸ் விழும்போது உடைந்த துண்டின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். கலவையும் பூச்சும் சேர்ந்து தட்டையாக வந்திருந்தால், பிரிந்தது டைல்ஸ் அல்ல, சுவர்ப் பூச்சு. எவ்வளவு விலையுயர்ந்த பசையும் இதற்கு மருந்தில்லை.

குளியலறைச் சுவர் பெரும்பாலும் நாலரை அங்குலம். அதன் இரு பக்கமும் குழாய் ஓடும். சுவரில் காடி வெட்டிக் குழாயைப் பதித்து, மேலே கலவையை அப்பி மூடுகிறார்கள். ஏற்கெனவே ஒல்லியான சுவரில் அந்த இடத்தில் இருப்பது பாதிக் கல்லும் புதுக் கலவையும்தான். பிளம்பர் வேலை முடிந்ததும் அந்தக் கோட்டின் மேல் சிக்கன் மெஷ் அடித்துப் பூசவேண்டும்; தூணும் செங்கல்லும் சேரும் இடத்திலும் அப்படியே. இந்த இரண்டு இடத்திலும் மெஷ் இல்லாவிட்டால் வெடிப்பு வரும். வெடிப்பு பெரிய டைல்ஸின் நடுவில் வந்தால் டைல்ஸோடு சேர்த்துப் பிளக்கும். புதிய அடுக்குமாடிகளில் வரும் ஏஏசி பிளாக் என்ற காற்றேறிய கான்கிரீட் கல் எடை குறைந்தது, தண்ணீரை வேகமாக உறிஞ்சும், சுருங்கும். பழைய செங்கல் பழக்கத்தில் அதன் மேல் பூசினால் பூச்சு தானாகவே கழலும். உள்சுவருக்கு அடிக்கும் ஜிப்சம் பூச்சைக் குளியலறைக்குள் விடவே கூடாது. ஈரத்தில் இளகும் அது சிமெண்டோடு சேர்ந்தால் உப்பிக் கழலும். காய்ந்த அறையில்கூட, ஒட்டும் சரக்கையும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 20 கிலோவுக்கு மேல் அதன் மேல் ஏற்ற வேண்டாம் என்கிறது பிரிட்டிஷ் விதி. நம் பெரிய டைல்ஸ் மட்டுமே அந்த எல்லையைத் தொட்டுவிடும்.

பசைக்காரர்களின் பேச்சிலும் உமி உண்டு. சிமெண்டோடு பாலிமர் பொடியும் தண்ணீரைப் பிடித்துவைக்கும் சரக்கும் கலந்த பசை, துளையில்லாத டைல்ஸையும் பிடிக்கும், சிறு அசைவுக்கு வளையும், சறுக்காது. இந்தியத் தரவிதி ஐஎஸ் 15477 அதற்கு வகை பிரித்து எண் கொடுத்திருக்கிறது. பெரிய விட்ரிஃபைடு டைல்ஸுக்கு இதுதான் வழி என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் மெல்லிய பசைக்கு நேரான சுவர் வேண்டும். இரண்டு மீட்டர் மட்டப்பலகையைச் சுவரில் எப்படி வைத்தாலும் அடியில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரியக்கூடாது. நம் ஊர்ப் பாத்ரூமில் மூன்று சென்டிமீட்டர் தெரியும். அந்தச் சுவரில் பசையைக் கொடுத்தால் கொத்தனார் என்ன செய்வார்? தனக்குத் தெரிந்ததைச் செய்வார்: பசையை உருண்டை பிடித்துக் கலவைபோல் அப்புவார். விலை அதிகமான பொருளால் பழைய தவறைச் செய்தாகிவிட்டது. பல் வைத்த கரண்டியால் வரிவரியாக இழுத்த பசை இருபது நிமிடத்தில் மேலே தோல் கட்டிவிடும். மே மாத வெயிலில் அதற்கும் முன்பே. தோல் கட்டிய பசையில் தண்ணீர் தெளித்து மறுபடி கிளறுவதையும், மூட்டை நீளட்டும் என்று சிமெண்டைக் கலப்பதையும் மூட்டையில் அச்சிட்ட எந்த எண்ணும் தடுக்காது. மூட்டை ரகத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசும் விற்பனையாளர் சுவரைத் தட்டிப் பார்த்தீர்களா என்று கேட்பது அரிது.

ஆக, பழைய முறையின் பலமும் பழுதும் ஒரே இடத்தில் இருக்கின்றன. மட்டம் பிடிப்பதையும் ஒட்டுவதையும் அது ஒரே வேலையாக்குகிறது. சிறிய, உறிஞ்சும் டைல்ஸுக்கு அது சிக்கனம். பெரிய, உறிஞ்சாத டைல்ஸுக்கு அதுவே ஆபத்து: சுருங்கவேண்டிய தடித்த கலவை, சுருங்காத டைல்ஸை முதுகில் கட்டிக்கொண்டு சுருங்குகிறது. இரண்டையும் பிரிப்பதுதான் தீர்வு. கொத்தனாரின் கைத்திறனைத் தள்ளிவிடவேண்டியதில்லை, அதை ஒரு படி முன்னால் நகர்த்தினால் போதும். தூக்குக்குண்டும் மூலைமட்டமும் பிடித்து, தடிமன் காட்டும் பொத்தான் வைத்து, ஒன்றுக்கு நாலில் நேரான பூச்சைப் பூசட்டும். வழுவழுப்பாகத் தேய்க்காமல் மணல் தெரியும்படி விடட்டும். ஒரு வாரம் தண்ணீர் அடித்து, மேலும் இரண்டு வாரமாவது காயவிட்டால் அது தன் சுருக்கத்தின் பெரும்பகுதியை டைல்ஸ் இல்லாமலே முடித்துக்கொள்ளும். பிறகு சாவிக்கொத்தால் தட்டிக் காது கொடுக்கலாம், ஆணியால் கீறி மணல் உதிர்கிறதா பார்க்கலாம், ஒரு கை தண்ணீர் தெளித்து எவ்வளவு நேரத்தில் உறிஞ்சுகிறது என்று பார்க்கலாம். அதன் மேல் ஷவர் அடிக்கும் பக்கத்திலாவது தலை உயரத்துக்கு இரண்டு கை வாட்டர் புரூஃபிங், மூலைகளில் வலைத்துணி. அதன் மேல் பசை. உப்புத் தண்ணீர் போர்வெல் உள்ள இடத்தில் பூச்சுக் கலவைக்காவது நல்ல தண்ணீர் வாங்கினால் பிற்பாடு கிரௌட் வழியே உப்பு பூப்பது குறையும்.

இத்தனையும் தெரிந்த கொத்தனார்கள் இருக்கிறார்கள். செய்யவிடாமல் தடுப்பது கூலி அமைப்பு. பூச்சு வேலை ஒருவருக்கு, டைல்ஸ் வேலை இன்னொருவருக்கு, இரண்டும் சதுர அடிக் கணக்கில். பூச்சுக்காரர் கூடத்தில் நூல் பிடித்துப் பூசுவார். பாத்ரூமில் "டைல்ஸ் வரப்போகுதே" என்று முரட்டுப் பூச்சோடு வெளியேறுவார். பல ஒப்பந்தங்களில் அந்தப் பூச்சுக்குக் கூலியே குறைவு, சிலவற்றில் பூச்சே கிடையாது. டைல்ஸ்காரருக்கு ஒட்டிய சதுர அடிக்குத்தான் காசு. சுவரை நேராக்கச் செலவாகும் நாள் அவருடைய நஷ்டம். தடித்த கலவை அவருக்கு அறியாமையால் வந்த பழக்கமில்லை. பிறர் விட்டுப்போன வேலையைத் தன் கூலிக்குள் முடிக்க அவர் கண்ட ஒரே வழி அது. சுவருக்கு ஒரு வரியும் எழுதாத கொட்டேஷனில் பசையின் பெயரை மட்டும் எழுதிக்கொடுக்கும் இன்ஜினியர் இந்தக் கணக்கைத் தொடவே இல்லை.

பழைய டைல்ஸின் மேலேயே புது டைல்ஸ் ஒட்டும் ஃபிளாட் புதுப்பிப்பு வேலைகளில் சுவரைக் கணக்கில் எடுக்காத குறை இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. உடைக்கும் சத்தம் இல்லை, குப்பை இல்லை, அசோசியேஷன் சண்டை இல்லை என்பது பெரிய வசதிதான். பழைய டைல்ஸ் பொள்ளென்று ஒலிக்காமல் உறுதியாக நின்று, மினுக்கைத் தேய்த்தெடுத்துப் பிரைமர் அடித்து, உயர்ரகப் பசை போட்டால் அது நிற்கும். ஆனால் அங்கே இருபது வருடத்துக்கு முன் யாரோ முரட்டுப் பூச்சில் விட்டுப்போன சுவரின் மேல்தான் இரண்டாவது பாரமும் ஏறுகிறது. புதுப் பசையின் உத்தரவாத அட்டையில் அந்தப் பூச்சைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. ஆகவே ஒப்பந்தம் போடும் நாளில் நான் பார்க்கும் முதல் வரி பசையின் பெயர் இருக்கும் வரி அல்ல. "பாத்ரூம் சுவர்ப் பூச்சு, மட்டப்பலகைக்கு மூன்று மில்லிமீட்டருக்குள்" என்று தனியாக ஒரு வரி இருக்கிறதா, அதற்கு நேரே காயவைக்கும் நாட்களும் தனிக் கூலியும் எழுதியிருக்கிறதா என்பதைத்தான்.